ஆறு ஆண்டு கிரியேட்டினும் மாலை நேரப் படபடப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வயது 46, ஆண். எடை 94 கிலோ, உயரம் 178 சென்டிமீட்டர். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக எடைப்பயிற்சி, வாரத்தில் ஐந்து நாள். கடைசி ஆறு ஆண்டுகளாகத் தினமும் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட், தசை வலுவுக்காக ஜிம் போகிறவர்கள் சாப்பிடும் ஊட்டப் பவுடர். புகை கிடையாது. மாலை நேரங்களில் நெஞ்சு படபடக்கிறது, நடுநடுவே ஒரு துடிப்பு தவறிப் போகிறது என்று வந்தார். கையில் உடல் பரிசோதனை அறிக்கை, அதில் நான்கைந்து இடங்களில் சிவப்பு எழுத்து. கிரியேட்டின் அவருடைய சிறுநீரகத்தையும் இதயத்தையும் சேர்த்தே கெடுத்துவிட்டது என்று அவருக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. தூங்க முடியவில்லை என்றும் சொன்னார். அதற்குக் காரணம் அந்தச் செய்தியா, வேறு ஏதாவதா என்பது அப்போது தெரியவில்லை.

மேலே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவர் தனி ஒருவர் அல்ல. இதே கேள்வியோடு வருகிறவர்களிடம் வழக்கமாகக் காணப்படும் நிலைகளைக் கோத்து அமைத்த மாதிரி நோயாளி. அவருடைய ரத்த எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. ஆய்வுகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் வரும் ஆண்டுகளும் எண்ணிக்கைகளும் மட்டும் வெளியான ஆய்வுகளில் உள்ளவை.

அறிக்கையில் இருந்தது

கிரியேட்டின் சிதைந்து வரும் கழிவான கிரியாட்டினின் 1.5 மி.கி. அதை வைத்துக் கணக்கிட்ட ஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம், 58. கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதி 1,180. வழக்கமான மேல் வரம்பு ஏறக்குறைய 200. ரத்த அழுத்தம் 146/92. ஈசிஜியில் இடது கீழறை பெரிதாகியிருக்கலாம் என்று இயந்திரமே அச்சடித்த ஒரு வரி. எல்டிஎல் கொழுப்பு 171, எச்டிஎல் 41. அப்புறம் குடும்பத்தில் ஒரு செய்தி: தந்தைக்கு 51 வயதில் மாரடைப்பு.

அறிக்கையைப் படித்தவர்கள் எல்லோரும் முதல் இரண்டு எண்களில் நின்றுவிட்டார்கள். கடைசி இரண்டு செய்திகளை யாரும் தொடவில்லை. என் பார்வையில் இந்த நிகழ்வின் சாரமே அதுதான், ஆனால் அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அவசரமாக விலக்க வேண்டியவற்றை விலக்கியாக வேண்டும். மயக்கம் போட்டதுண்டா, உழைக்கும்போது நெஞ்சுவலி உண்டா, குடும்பத்தில் இளம் வயதில் திடீரென இறந்தவர் உண்டா? மூன்றுக்கும் இல்லை. எக்கோவில் இடது கீழறைச் சுவர் 12 மில்லிமீட்டர். ஆண்களுக்கு வழக்கமான 10-ஐவிடச் சற்றுக் கூடுதல். நீண்டகாலம் எடை தூக்குகிறவர்களிடமும், ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியவர்களிடமும் காணக்கூடிய அளவுதான். பரம்பரையாக வரும் தடித்த இதயத்தசை நோயைச் சந்தேகிக்க வைக்கும் 15 மில்லிமீட்டருக்கு அருகில் இல்லை. வெளியேற்று விகிதம், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் கீழறையிலுள்ள ரத்தத்தில் வெளியே போகும் பங்கு, 60 சதவீதம், தளர்வு இயல்பு. டிரெட்மில் சோதனையில் நன்றாக ஓடினார், ஈசிஜியில் மாற்றம் இல்லை. இதயத்தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் இயல்பு.

உடலில் பொருத்தி நாள் முழுதும் ஈசிஜி எடுக்கும் 24 மணி நேர ஹோல்டர் பதிவில் கீழறையிலிருந்து வரும் கூடுதல் துடிப்புகள் 1,400. நாளெல்லாம் பரவி இருக்கவில்லை. மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணிக்குள் குவிந்திருந்தன. அவர் கிரியேட்டின் சாப்பிடுவதோ காலையில்.

மாலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, ‘அது சும்மா ஒரு ப்ரீ-ஒர்க்அவுட் சார்’ என்றார், அதாவது பயிற்சிக்கு முன் குடிக்கும் ஊக்கப் பவுடர். ஒரு ஸ்கூப்பில் 300 மி.கி. கஃபீன் என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. அவர் போட்டுக்கொண்டது ஒன்றரை ஸ்கூப், அதாவது 450 மி.கி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரே தடவையில் 200 மி.கி. வரை, ஒரு நாளில் 400 மி.கி. வரை கவலை இல்லை என்கிறது. இவர் நாள் முழுவதற்குமான அளவை ஒரே மடக்கில் தாண்டியிருக்கிறார்.

இன்னொரு கேள்வியையும் நேரடியாகக் கேட்க வேண்டியிருந்தது: ஊக்க ஸ்டீராய்டு எடுத்ததுண்டா? எடைப்பயிற்சி செய்கிறவரின் இதயத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வியை நாகரிகம் கருதி விட்டுவிடுவது பெரிய தவறு. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்த 86 பேரின் சராசரி வெளியேற்று விகிதம் 52 சதவீதம்; எடுக்காத 54 பேருக்கு 63. இதயத்தைக் கெடுக்கும் ஜிம் பொருள் என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் விரல் போக வேண்டிய இடம் அதுதான். எடுத்ததில்லை என்றார். ஸ்டீராய்டு எடுத்தால் அடங்கிவிடும் எல்எச் ஹார்மோன் அடங்கியிருக்கவில்லை, ஸ்டீராய்டு ஏற்றிவிடக்கூடிய ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 46. அவர் சொன்னதோடு பொருந்தியது.

எதை முதலில் நிறுத்துவது

இப்படி வருகிறவரிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தச் சொல்வதுதான் வழக்கம். ஒரு மாதம் கழித்து எண்கள் சரியாகிவிடும், எல்லோருக்கும் நிம்மதி, பழி கிரியேட்டின் மேல். எது எதனால் வந்தது என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. அவசர ஆபத்து எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதே சரி என்று முடிவாயிற்று.

முதல் இரண்டு வாரம் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாததால் மாலைப் பவுடரும் இல்லை. கிரியேட்டின் மட்டும் அதே 5 கிராம் தொடர்ந்தது. இரண்டு வாரத்தில் கைனேஸ் 1,180-லிருந்து 190-க்கு இறங்கியது. படபடப்பு போய்விட்டது. கிரியாட்டினின் மட்டும் 1.48-இல் நின்றது.

இந்த நொதி கிரியேட்டின் மேல் வேலை செய்வதால், கிரியேட்டின் சாப்பிட்டால் நொதியும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கனமான எடை தூக்கியதும் தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு நொதி ரத்தத்தில் கசிகிறது, அவ்வளவுதான். மாரடைப்பைக் கண்டுபிடிக்க ஒரு காலத்தில் நம்பியிருந்த சிகே-எம்பி என்ற வகைகூடப் பயிற்சிக்குப் பிறகு எலும்புத்தசையிலிருந்து ஓரளவு ஏறும். ட்ரோபோனின் அந்த இடத்தைப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த கட்டம்: பயிற்சி திரும்ப வந்தது, மாலைப் பவுடர் வரவில்லை, கிரியேட்டின் தொடர்ந்தது. மூன்று வாரம் கழித்து எடுத்த ஹோல்டரில் கூடுதல் துடிப்புகள் 90. தூக்கம் திரும்பியது. வெளியே நடமாடும்போது எடுத்த பகல் நேர ரத்த அழுத்தச் சராசரி 131/83. தொடக்கத்தில் அதே முறையில் 137/87 இருந்தது. பகல் சராசரிக்கு உயர் அழுத்த வரம்பு 135/85. படபடப்புக்குக் காரணம் எது என்பதில் இனி சந்தேகம் இல்லை.

மூன்றாவதாகத்தான் கிரியேட்டினை நிறுத்தினோம், ஆறு வாரத்துக்கு. தசையில் ஏறியிருந்த கூடுதல் சேமிப்பு பழைய நிலைக்கு வர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்பதால் அந்தக் காலம். கிரியாட்டினின் 1.25-க்கு வந்தது. வேறு எதுவும் நகரவில்லை. ரத்த அழுத்தம் அங்கேயே, எக்கோவில் சுவர் அதே 12, துடிப்பு அதே. ஆறு ஆண்டுக் கிரியேட்டினை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது மாறிய ஒரே எண் கிரியாட்டினின்.

அந்த எண்ணும் ஏன் மாறுகிறது என்பது எளிதுதான். சுமார் 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறக்குறைய 120 கிராம் கிரியேட்டின் இருக்கிறது. அதில் 95 சதவீதம் எலும்புத்தசையில். நாள்தோறும் இந்தச் சேமிப்பில் 1.7 சதவீதம், கிட்டத்தட்ட 2 கிராம், எந்த நொதியின் உதவியும் இல்லாமல் தானாகவே கிரியாட்டினினாகச் சிதைந்து சிறுநீரில் போகிறது. சேமிப்பு கூடினால் கழிவும் கூடும். அதோடு இவருக்குத் தசையும் அதிகம். வடிகட்டி பழுதாகாமலேயே ரத்தத்தில் எண் ஏறுகிறது.

சிறுநீரகத்தை அளக்க இன்னொரு ரத்தப் புரதம் உண்டு; தசையின் அளவைச் சாராத அந்த சிஸ்டாட்டின் சி இவருக்கு 0.86. அதை வைத்துக் கணக்கிட்டால் ஜிஎஃப்ஆர் 100 வருகிறது. கிரியாட்டினின் சொன்னது 58. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு சிறுநீரகங்கள்! சிறுநீரில் அல்புமின் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் எதை நம்புவது என்பது தெளிவு. சிஸ்டாட்டினும் குற்றமற்றதல்ல: தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை, உடல் பருமன், புகை எல்லாம் அதை அசைக்கும். இவருக்குத் தைராய்டு இயல்பு.

இதயம் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது

சுமார் 300 கிராம் எடையுள்ள மனித இதயம் ஒரு நாளில் உண்டாக்கிச் செலவழிக்கும் ஏடிபியின், அதாவது செல்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறின், அளவு கிட்டத்தட்ட 6 கிலோ. கையிருப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது; வர வரச் செலவு. மைட்டோகாண்டிரியாவில் உருவாகும் ஆற்றலைச் சுருங்கும் இழைகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதும், தேவை திடீரென ஏறும்போது ஈடுகொடுப்பதும் பாஸ்போகிரியேட்டினின், அதாவது பாஸ்பேட் சேர்ந்த கிரியேட்டினின், வேலை. மோட்டார் நீரை ஏற்றி முடிப்பதற்குள் குழாயைத் திறந்தாலும் மேல்தொட்டி தண்ணீர் தருகிறதே, அந்த மாதிரி.

இந்தச் சேர்மத்தை 1927-ல் ஹார்வர்டில் கண்டறிந்த இருவரில் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், இன்னொருவர் சைரஸ் ஃபிஸ்க். அதே ஆண்டு பிரிட்டனில் எக்ள்டன் தம்பதியரும் தனியாகக் கண்டறிந்தார்கள். கிரியேட்டின் அதற்கு மிக முன்னரே, 1832-ல், மிஷல் யூஜென் செவ்ரூல் இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தது. டப்பாவில் அடைத்து விற்க இன்னும் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆனது. 1992-ல் ரோஜர் ஹாரிஸும் அவருடைய குழுவினரும் வாய்வழியாகக் கொடுத்தால் தசையில் கிரியேட்டின் கூடுகிறது என்று காட்டினார்கள். 1996-ல் இன்னொரு குழு, தினம் 20 கிராம் வீதம் ஆறு நாள் எடுத்தாலும், தினம் 3 கிராம் வீதம் 28 நாள் எடுத்தாலும் தசை கடைசியில் ஒரே அளவுக்குத்தான் நிறைகிறது என்று காட்டியது. நிறைந்த பிறகு அதற்கு மேல் ஏறாது.

இந்த ‘நிறைந்த பிறகு ஏறாது’ என்பது இதயத்துக்கு இன்னும் கறாராகப் பொருந்தும். இதயத்தசை தனக்கு வேண்டிய கிரியேட்டினைத் தானே செய்துகொள்வதில்லை; சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து செய்ததை ரத்தத்திலிருந்து ஒரு கடத்திப் புரதம் வழியாக இழுத்துக்கொள்கிறது. உள்ளே போதுமான அளவு சேர்ந்ததும் அந்தக் கடத்தி வேலையைக் குறைத்துக்கொள்கிறது. எலிகளுக்கு நீண்டநாள் கிரியேட்டின் கலந்த தீவனம் கொடுத்துப் பார்த்தபோது ஆரோக்கியமான இதயத்தில் கிரியேட்டின் அளவு குறிப்பிடும்படி கூடவில்லை. ரத்தத்தில் எவ்வளவு மிதந்தாலும் வாசலில் ஆள் நிற்கிறது.

அந்த வாசலை வலுக்கட்டாயமாகத் திறந்தால் என்ன ஆகும்? இதற்கும் ஒரு சோதனை உண்டு. 2005-ல் வெளியான ஆய்வில், இதயத்தில் கடத்திப் புரதம் அளவுக்கு மீறி இருக்கும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளை வளர்த்தார்கள். இதயத்தில் கிரியேட்டின் இயல்புக்கு மேல் பல மடங்கு குவிந்தது; இதயம் வீங்கித் தடித்தது, பிறகு செயலிழந்தது. கிரியேட்டின் இதயத்தைக் கெடுக்கும் என்று சொல்லிக்கொண்டு சுற்றும் செய்திகளில் சில இந்த ஆய்வைத்தான் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் அந்தச் சுண்டெலிகள் பவுடர் சாப்பிடவில்லை, மரபணு மாற்றப்பட்டவை. 2012-ல் அதே வகைச் சுண்டெலிகளில் கிரியேட்டின் மிதமாக மட்டும் கூடியவற்றை எடுத்துப் பார்த்தபோது, ரத்த ஓட்டம் தடைபட்டால் அவற்றின் இதயம் குறைவாகவே சேதமடைந்தது. மிதம் நல்லது, மிகை கெட்டது, வாயால் சாப்பிட்டு ஆரோக்கியமான இதயத்தில் இரண்டையும் எட்ட முடியாது. பயப்படுகிறவர், ஆசைப்படுகிறவர் இருவருக்கும் இதே பதில்தான்.

வேடிக்கை என்னவென்றால், கிரியேட்டினே உண்டாகாத சுண்டெலிகளையும் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். 2013-ல் வந்த அந்த முடிவின்படி அவை இயல்பாக ஓடின. மாரடைப்புக்குப் பிறகும் மற்றவற்றைவிட மோசமாகவில்லை. இதயத்துக்கு இது இல்லாவிட்டால் ஆகாது என்று நினைத்தவர்களுக்கே அது கொஞ்சம் அதிர்ச்சி.

நீண்ட காலம் என்றால்

ஆறு ஆண்டு என்பது நீளம்தான். ஜிம் உலகத்தில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் வாரக் கணக்கில்தான் இருக்கும். அதனால் நீண்டகாலத் தகவலுக்கு நான் பார்ப்பது வேறு இடங்கள்.

ஒன்று, பார்க்கின்சன் நோயாளிகள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,741 பேருக்கு நாளுக்கு 10 கிராம் கிரியேட்டின் அல்லது போலி மருந்து, குறைந்தது ஐந்து ஆண்டு என்ற திட்டத்தோடு ஓர் ஆய்வு நடந்தது. 2013-ல் நடுவிலேயே நிறுத்தினார்கள். காரணம் ஆபத்து அல்ல, பார்க்கின்சனுக்குப் பயன் தெரியவில்லை. முடிவுகள் 2015-ல் வெளிவந்தன. இன்னொன்று, ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோய் உள்ளவர்கள் 553 பேர். நாளுக்கு 40 கிராம் வரை. அதுவும் பயன் இல்லை என்று 2014-ல் நின்றது. நம் நோயாளி எடுத்தது 5 கிராம்.

மூன்றாவது கூட்டம் மிகச் சிறியது, ஆனால் நான் அதிகம் மதிப்பது. பிறவியிலேயே கிரியேட்டினை உண்டாக்கும் நொதி இல்லாத குழந்தைகள். அவர்களுக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் 400 மி.கி.யும் அதற்கு மேலும் கொடுக்கிறார்கள், வாழ்நாள் முழுக்க. அதேபோல கைரேட் அட்ரோபி என்ற விழித்திரை நோய்க்குப் பின்லாந்தில் நாளுக்கு 1.5 கிராம் நீண்டகாலம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1981-லேயே வெளியானது. பாடிபில்டிங் டப்பாக்கள் வருவதற்கு முன்பே நீண்டகாலக் கிரியேட்டின் என்பது இருந்திருக்கிறது.

இவற்றை அப்படியே இவருக்குப் பொருத்திவிட முடியாது என்பதும் உண்மை. பார்க்கின்சன் ஆய்வு நோய் எப்படி முற்றுகிறது என்று பார்க்க வடிவமைத்தது. எத்தனை பேருக்கு மாரடைப்பு வரும் என்று எண்ணுவதற்கு அல்ல. அதில் இருந்தவர்கள் வாரம் ஐந்து நாள் எடை தூக்கவும் இல்லை. ஆனால் நாளுக்கு 10 கிராம் ஆண்டுக்கணக்கில் இதயத்தைப் பெரிதாகப் பாதிக்கும் பொருள் என்றால், வயதான அத்தனை பேரில் ஏதாவது சமிக்ஞை தலைகாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கொழுப்பைக் குறைக்கிறது என்று 1996-ல் ஒரு சிறிய ஆய்வு சொன்னது, பிறகு வந்தவை ஒத்துப்போகவில்லை. ரத்தத்தில் கூடினால் இதயநோயோடு தொடர்புபடுத்தப்படும் ஹோமோசிஸ்டீனும் அப்படித்தான்: உடல் தானாகக் கிரியேட்டின் செய்யும்போது ஹோமோசிஸ்டீன் உண்டாகிறது, வெளியிலிருந்து கொடுத்தால் அந்த உற்பத்தி அடங்கும், ஆகவே குறைய வேண்டும் என்பது நல்ல தர்க்கம், மனிதர்களில் சில ஆய்வுகளில் குறைந்தது, சிலவற்றில் இல்லை. இதற்காக யாரும் கிரியேட்டின் வாங்க வேண்டியதில்லை. ரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை, முதல் வாரத்தில் ஏறும் ஒன்றிரண்டு கிலோ நீர் பெரும்பாலும் தசைச் செல்லுக்குள் போகிறது. உப்பு சாப்பிட்டு ரத்தக்குழாயில் நீர் தேங்குவது போன்றதல்ல.

பழி விழுந்த சம்பவங்கள்

1997-ல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வார இடைவெளியில் இறந்தார்கள். உடனே பேச்சு கிரியேட்டின் பக்கம் போயிற்று. விசாரித்தபோது தெரிந்தது, மூவரும் எடைப் பிரிவுக்குள் வருவதற்காகச் சூடான அறையில் ரப்பர் உடை போட்டு, தண்ணீர் குடிக்காமல், வியர்வையாக எடையை வெளியேற்றியிருக்கிறார்கள். உடல் வெப்பமும் நீரிழப்பும் கொன்றன. விசாரணை முடிந்தது, பெயர் மட்டும் அழியவில்லை.

2005-ல் 30 வயது ஆண் ஒருவருக்குக் கிரியேட்டின் எடுத்துவந்த காலத்தில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் துடிப்புக் கோளாறு, வந்ததாக ஒரு மருத்துவ இதழில் பதிவு வந்தது. இப்படி ஒரு பதிவை உதாசீனம் செய்யக் கூடாது. ஆனால் லட்சக்கணக்கானோர் சாப்பிடும் ஒரு பொருளோடு, மக்களிடம் பரவலாக உள்ள ஒரு துடிப்புக் கோளாறு ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது தற்செயலாகவும் நடக்கும். நம் நோயாளியிடம் கிரியேட்டின் தொடர்ந்தபோதே படபடப்பு போனது. அது அவரைப் பற்றிய பதில் மட்டுமே.

என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டியது டப்பாவில் எழுதியிருப்பதைப் பற்றி அல்ல, எழுதாததைப் பற்றி. 13 நாடுகளிலிருந்து வாங்கிய 634 ஊட்டப் பொருள்களைப் பரிசோதித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 94-இல், அதாவது ஏழில் ஒன்றில், லேபிளில் குறிப்பிடாத ஊக்க ஸ்டீராய்டு இருந்தது. அதே 2004-ல்தான் அமெரிக்கா எபெட்ரா என்ற ஊக்க மூலிகை கலந்த ஊட்டப் பொருள்களைத் தடை செய்தது. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றியதுதான் காரணம். அதன் இடத்தைப் பிடிக்க வந்த டிஎம்ஏஏ என்ற ஊக்க வேதிப்பொருள் மீதும் பின்னர் எச்சரிக்கை வந்தது. கிரியேட்டின் மட்டுமே உள்ள டப்பா வேறு. கிரியேட்டின் என்று பெரிய எழுத்தில் போட்டு இன்னும் பத்துப் பொருளைச் சிறிய எழுத்தில் போட்ட டப்பா வேறு. இவர் காலையில் எடுத்தது முதல் வகை, மாலையில் எடுத்தது இரண்டாம் வகை. இரண்டிலும் கிரியேட்டின் இருந்தது என்பதைக்கூட அவர் அப்போதுதான் லேபிளில் பார்த்தார்.

யாரும் பார்க்காத இரண்டு வரிகள்

எல்டிஎல் 171. தந்தைக்கு 51-இல் மாரடைப்பு. முதல்நிலை ஆண் உறவினருக்கு 55 வயதுக்குள் வந்தால் அது இளவயது இதயநோய் என்ற கணக்கில் சேரும். எல்டிஎல் போலக் கொழுப்பைச் சுமக்கும் இன்னொரு துகளான லிப்போபுரோட்டீன்-ஏ எடுத்தோம், 78 மி.கி.; 50-க்கு மேல் போனாலே அபாயம் கூடும். பரம்பரையில் வருவது, பயிற்சியாலோ உணவாலோ பெரிதாக இறங்காது. இதயக் குழாய்களின் கால்சியம் ஸ்கோர் 112. நாற்பதுகளில் இருப்பவருக்கு இது பூஜ்யமாக இருக்க வேண்டியது. 100-ஐத் தாண்டினால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்குவதில் தயக்கம் தேவையில்லை.

ஆக, இவருடைய இதயத்துக்கு ஆபத்து உண்மையிலேயே இருந்தது. அது பவுடரில் இல்லை, குழாய்ச் சுவரில் இருந்தது. தோள் அகலமாக, மூச்சு வாங்காமல் மாடியேறுகிற ஒருவருக்குக் கொழுப்பு மாத்திரை எழுத மருத்துவருக்கே கை வராது. அவருக்கோ, நான்தான் உடற்பயிற்சி செய்கிறேனே என்ற எண்ணம்.

இங்கேதான் அந்தப் பொய்யான எண்களின் உண்மையான தீங்கு வெளியே வருகிறது. கைனேஸ் மேல் வரம்பைப் போல் நான்கு மடங்குக்கு மேல் இருந்தால் ஸ்டாட்டின் தொடங்காதே, திரும்ப எடுத்துப் பார் என்று ஐரோப்பிய வழிகாட்டல் சொல்கிறது. இவருக்கு ஆறு மடங்கு. முதல் நாள் கால் தசைக்குக் கனமான பயிற்சி செய்துவிட்டு மறுநாள் காலை ரத்தம் கொடுத்த ஒரே காரணத்தால், தேவையான மருந்து ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிருக்கலாம். ஜிஎஃப்ஆர் 58 என்று பதிவேட்டில் ஏறியிருந்தால், நாளைக்கு நெஞ்சுவலி வந்து ஆஞ்சியோகிராம் தேவைப்படும்போது சாய மருந்து கொடுக்கத் தயங்கியிருப்பார்கள். கிரியேட்டின் இதயத்தைத் தொடாமலேயே இதய சிகிச்சையைத் தடம் மாற்ற முடியும்.

ஏற்கெனவே இதயம் பலவீனமானவர் கேட்டால்

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசினால் அடுத்த கேள்வி தவறாமல் வரும்: அப்படியென்றால் இதயச் செயலிழப்பு உள்ளவருக்குக் கொடுக்கலாமா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. பலவீனமான இதயத்தில் கடத்திப் புரதம் குறைகிறது, கிரியேட்டினும் குறைகிறது. 1997-ல் ஸ்டெஃபான் நாய்பவரின் குழு, இதயத்தசை விரிந்த 39 நோயாளிகளின் இதயத்தைக் காந்த அலை நிறமாலை முறையில் அளந்தது. பாஸ்போகிரியேட்டினுக்கும் ஏடிபிக்கும் உள்ள விகிதம் ஆரோக்கியமான இதயத்தில் 2-ஐ ஒட்டி இருக்கும், அது 1.6-க்குக் கீழே போனவர்களில் இறப்பு அதிகம். குறைந்ததை நிரப்பினால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

நிரப்பிப் பார்த்தார்கள். 1995-ல் வெளியான ஆய்வில் நாளுக்கு 20 கிராம் வீதம் பத்து நாள் கொடுத்தபோது நோயாளிகளின் கால் தசை வலுப்பட்டது. இதயத்தின் வெளியேற்று விகிதம் நகரவில்லை. 2006-ல் ஆறு வாரம் கொடுத்த இன்னோர் ஆய்விலும் அதே கதை. உள்ளே இழுக்கும் வாசலே குறுகிப்போன இதயத்துக்கு வெளியே எவ்வளவு கொட்டினாலும் என்ன பயன்? மருத்துவமனையில் சிரை வழியாக ஏற்றும் பாஸ்போகிரியேட்டின் ஊசி முற்றிலும் வேறு விஷயம், சில நாடுகளில் இதய அறுவையின்போது பயன்படுத்துகிறார்கள். அதைக் காட்டிப் பவுடர் விற்பது ஏமாற்று.

கெடுதல் இல்லையே, கைகால் வலுவுக்காகச் சாப்பிடட்டுமே என்றால், அங்கே எனக்குத் தயக்கம் உண்டு, இரண்டு நடைமுறைக் காரணங்களால். செயலிழப்பு உள்ளவரிடம் தினமும் எடை பாருங்கள், சில நாளில் 2 கிலோ ஏறினால் உடனே சொல்லுங்கள் என்று சொல்லியிருப்போம். கிரியேட்டின் தொடங்கிய முதல் வாரத்தில் அதே எடை ஏறும். நுரையீரலில் நீர் சேர்கிறதா, தசையில் சேர்கிறதா என்று தராசு சொல்லாது. இரண்டாவது, அவர்கள் சாப்பிடும் ஸ்பைரோனோலாக்டோன், ஏசிஇ தடுப்பான் போன்றவற்றின் அளவைக் கிரியாட்டினினைப் பார்த்துத்தான் கூட்டுவதும் குறைப்பதும். அந்த எண்ணைப் பொய்யாக்கிவிட்டால் உயிர் காக்கும் மாத்திரை தேவையில்லாமல் குறைக்கப்படும். சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தெரியாமல் தொடங்கவே கூடாது. தெரிந்து, சிஸ்டாட்டின் அளந்து, உடல் நிலையாக இருக்கும் காலத்தில், ஆரம்ப அதிக டோஸ் இல்லாமல் என்றால் பேசலாம்.

தொடர்ச்சி

நம் நோயாளிக்கு ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி. தொடங்கியது. எட்டு வாரத்தில் எல்டிஎல் 82. எசெடிமைப் சேர்த்ததும் 64. நான்கு நாள் ஓய்வுக்குப் பிறகு எடுத்த கைனேஸ் 240, தசைவலி இல்லை. மாலைப் பவுடரை விட்டுவிட்டார். விடுவது சுலபமாக இல்லை, முதல் வாரம் தலைவலி இருந்தது, பயிற்சியில் எடை குறைந்தது என்று குறைபட்டுக்கொண்டார். ஆறு மாதத்தில் பகல் ரத்த அழுத்தச் சராசரி 129/82. எக்கோவை ஓராண்டு கழித்துத் திரும்ப எடுத்துச் சுவர்த் தடிமனை ஒப்பிட வேண்டும்.

கிரியேட்டினைத் திரும்பத் தொடங்கலாமா என்று கேட்டார். தடை சொல்லக் காரணம் இல்லை. 3 கிராம், தனிப் பொருளாக, வெளியிலுள்ள ஆய்வகம் பரிசோதித்துச் சான்று தந்த டப்பா. மூன்று மாதம் கழித்துக் கிரியாட்டினின் 1.42, சிஸ்டாட்டின் 0.87. பதிவேட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதி வைத்தாயிற்று: கிரியேட்டின் எடுத்துக்கொள்கிறார், கிரியாட்டினினை மட்டும் வைத்துச் சிறுநீரக நோய் என்று முடிவு கட்ட வேண்டாம், சிஸ்டாட்டின் பார்க்கவும், ரத்தம் எடுப்பதற்கு முன் நான்கு நாள் பயிற்சி இல்லை. அதற்கு மேலே, இன்னும் பெரிய எழுத்தில், தந்தையின் வயதும் லிப்போபுரோட்டீன்-ஏ அளவும். அவருக்கு ஒரு தம்பி இருக்கிறாராம், உடற்பயிற்சியும் இல்லை, பவுடரும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டதில்லை. அடுத்த தடவை வரும்போது அவரையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறது.